குழந்தை நலம் – கேள்வி பதில்: எட்டு மாதமாகியும் உட்காரவில்லையே?

கேள்வி: என் மகள் 33 வாரத்தில் பிறந்தவள். இப்போது 8 மாதம். குப்புற விழுகிறாள், ஆனால் உட்கார வைத்தால் முன்னால் சாய்ந்துவிடுகிறாள். அதே மாதம் பிறந்த மைனியின் பிள்ளை முட்டு போட்டுத் தவழ்கிறான். வாக்கரில் உட்கார வைத்தால் கால் பலம் பெறும் என்கிறார் மாமியார். வாங்கலாமா?
– வாசகி, தக்கலை

பதில்: வாங்க வேண்டாம். முதலில் வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள். பிரசவத்துக்கு முழுக் காலம் 40 வாரம். உங்கள் மகள் 7 வாரம் முந்திவிட்டாள். அதைக் கழித்தால் அவளுக்கு இப்போது ஆறேகால் மாதம்தான். இரண்டு வயதுவரை வளர்ச்சியை இந்தத் திருத்திய வயதை வைத்தே பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு. அதைத் தள்ளிப் போட்டுவிடாதீர்கள்.

ஆறேகால் மாதத்தில் இரண்டு கையையும் முன்னால் ஊன்றிச் சற்று நேரம் உட்கார்ந்தாலே நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகளைப் பாருங்கள்: ஆரோக்கியமான பிள்ளைகள் துணையின்றி உட்காருவது ஏறத்தாழ 4 முதல் 9 மாதத்துக்குள், தனியாக நடப்பது 8 முதல் பதினேழரை மாதத்துக்குள். முட்டு போட்டுத் தவழாமலேயே நடந்துவிடும் பிள்ளைகளும் உண்டு. மைனியின் மகனை அளவுகோலாக வைத்து மனதை வருத்திக்கொள்ளாதீர்கள்.

வாக்கரில் உடல் எடையைத் துணி தாங்கிக்கொள்கிறது. உட்காரத் தேவையான முதுகும் வயிறும் வேலையே செய்வதில்லை. பிள்ளை கால்விரல் நுனியால் உந்திப் பழகுகிறது. படியில் உருண்டு விழுவதும், எட்டிக் கொதிக்கும் பாத்திரத்தை இழுப்பதும் வேறு ஆபத்து. கனடாவில் 2004-இலேயே இதைத் தடை செய்துவிட்டார்கள். நிற்கப் பழகிய பிள்ளை தள்ளிக்கொண்டு போகும் மர நடைவண்டி வேறு. அதற்கும் இது காலமல்ல.

அவளுக்கு வேண்டியது தரைதான். டைல்ஸ் வழுக்கும், மேலே பாயோ கெட்டியான விரிப்போ போடுங்கள். பால் குடித்து அரைமணி கழித்துக் குப்புறப் படுக்க வையுங்கள்: ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளைக்கு ஐந்தாறு தடவை. அழுதால் தூக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். பிறகு உங்கள் கால்களுக்கு நடுவே உட்கார வைத்து, இடுப்பை மட்டும் பிடியுங்கள். கக்கத்தைப் பிடித்தால் முதுகு சோம்பிவிடும். கிலுகிலுப்பையை முதலில் நேர் முன்னால், பிறகு இடமும் வலமுமாகக் காட்டுங்கள். தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்கத்தான்.

தூக்கும்போது கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டாலோ, உடம்பு விறைத்தோ துவண்டோ இருந்தாலோ, திருத்திய வயது 9 மாதம் முடிந்தும் உட்காராவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். செய்துகொண்டிருந்ததை மறந்துபோனால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: 9 மாத மகன் எதையும் இடக்கையால்தான் எடுக்கிறான். வலக்கை பெரும்பாலும் மூடியே இருக்கிறது. இடக்கைப் பழக்கம்தானே?
– வாசகர், குளச்சல்

பதில்: அப்படி நினைத்து இருந்துவிடாதீர்கள். ஒரு வயதுக்குள் எந்தக் கைப் பழக்கமும் உறுதிப்படாது. இரண்டு கையும் சமமாக நீள வேண்டும். இடக்கையை மெல்லப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் ஒரு ஸ்பூனை நீட்டிப் பாருங்கள். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்கிறதா, வலக்காலும் குறைவாக அசைகிறதா என்றும் கவனியுங்கள். அவன் விளையாடுவதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு, இந்த வாரமே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கோ உங்கள் குழந்தை மருத்துவரிடமோ போங்கள். பயிற்சி தேவைப்பட்டால் இந்த வயதில் தொடங்குவதுதான் அதிகப் பலன் தரும்.