குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது: கேட்டீர்கள், சொல்கிறேன்

திருச்சியில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தி வரும் வழக்கறிஞர் நான். குடிபோதையில் ஓட்டுவது பற்றி யார் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கோவையிலிருந்து ஒரு தம்பி: மேடம், ரெண்டு பெக் போட்டாலும் நான் ஸ்டெடியாக ஓட்டுவேன். இத்தனை வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் இல்லை. என்னையும், நிற்க முடியாமல் தள்ளாடுகிறவனையும் ஒரே சட்டத்தில் பிடிப்பது நியாயமா?

தள்ளாடினீர்களா என்று சட்டம் கேட்பதே இல்லை தம்பி. மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு பார்ப்பது ஒன்றைத்தான்: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கிறதா, இல்லையா.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஊரில் விற்கும் பிராந்தி, விஸ்கியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். 60 மில்லி லார்ஜ் ஒன்றில் ஏறக்குறைய 20 கிராம் போகிறது. 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது ரத்தத்தில் 40 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். அதாவது ஒரே ஒரு லார்ஜில் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். எடை குறைவாக இருந்தாலோ, வெறும் வயிற்றில் குடித்தாலோ, பெண்ணாக இருந்தாலோ இன்னும் கூடும். 650 மில்லி பீர் பாட்டில் சாதா வகையாக இருந்தாலே 50ஐத் தொடும்.

“ஸ்டெடியாக இருக்கிறேன்” என்று முடிவு செய்வது எது? மூளைதானே. மது முதலில் கை வைப்பதே அதன் கணிக்கும் திறனில்தான். எதிரே வரும் லாரியின் தூரம், வேகம், பிரேக்கில் கால் போக எடுக்கும் நேரம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பிசகும். பிசகியது உங்களுக்கு மட்டும் தெரியாது. என் கட்சிக்காரர்களை இடித்தவர்களில் தள்ளாடியவர்கள் குறைவு. “எனக்கு ஒன்றும் இல்லை” என்று நம்பியவர்கள்தான் அதிகம்.

பலர்: மோர், எலுமிச்சை, பிளாக் காபி, தலைக்குக் குளித்தால் இறங்குமா? வெற்றிலை போட்டால் மெஷினில் காட்டாதா?

எதுவும் உதவாது. ஆல்கஹாலை உடைப்பது கல்லீரல், அதை அவசரப்படுத்த முடியாது. காபி தூக்கத்தைத் தள்ளிவைக்கும், போதையைக் குறைக்காது. வெற்றிலை வாயின் நாற்றத்தை மறைக்கும். மெஷின் பார்ப்பது நுரையீரலிலிருந்து வரும் காற்றை.

நாமக்கல் பக்கத்திலிருந்து: அக்கா, நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். வேலை நேரத்தில் தொட மாட்டேன். சனி, ஞாயிறு ராத்திரி மட்டும். திங்கள் காலையில் தலை கொஞ்சம் பாரமாக இருக்கும், அவ்வளவுதான். அதில் தப்பு இருக்கிறதா?

நீங்கள் இதைக் கேட்டதே பெரிய விஷயம். பலருக்கு இந்தச் சந்தேகமே வருவதில்லை.

சராசரி உடம்பு ஒரு மணி நேரத்துக்கு, 100 மில்லி ரத்தத்தில் 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆல்கஹாலைக் கழிக்கும், சிலருக்குக் கொஞ்சம் கூட. ஞாயிறு ராத்திரி ஒரு குவாட்டரும் ஒரு பீரும் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 180 மில்லிகிராமைத் தொடும். 12 மணிக்கு முடித்துவிட்டுப் படுத்தீர்கள். காலை 6:30க்கு வேனை எடுக்கும்போது, நடுவில் கழிந்ததைக் கழித்தாலும் சட்ட வரம்புக்கு மேல் மிச்சம் இருக்க வாய்ப்பு அதிகம். தூங்கி எழுந்துவிட்டதால் தெளிந்துவிட்டது போலத் தெரியும். உங்கள் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் கிடையாது.

ஞாயிறு ராத்திரியை விட்டுவிடுங்கள் தம்பி, திங்கள் வேன் இருக்கிறது. பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. வேன் கிளம்பும் முன் டிரைவரை ஊதச் சொல்லும் கருவி கிடைக்கிறது, வாங்கி வையுங்கள். டயரைப் பார்க்கிறோம், லைட்டைப் பார்க்கிறோம், ஓட்டுபவரைப் பார்க்க மாட்டோமா?

சென்னையிலிருந்து: நண்பன் ஓட்டினான், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் கேஸ் போட்டார்கள். நான் என்ன செய்தேன்?

ஏறி உட்கார்ந்தீர்கள். 188வது பிரிவு, குடித்துவிட்டு ஓட்டுவதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது. 2022 அக்டோபரிலேயே, உடன் வருபவர்களுக்கும் அபராதம் உண்டு என்று சென்னை போக்குவரத்து போலீஸ் அறிவித்துவிட்டது. நண்பன் குடித்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது என்றால் அதை நீதிமன்றத்தில் சொல்லலாம். ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் சொல்ல என்ன இருக்கிறது?

எனக்கு இந்தப் பிரிவு பிடிக்கும், வெளிப்படையாகவே சொல்கிறேன். குடித்தவரிடம் “ஓட்டலாமா, வேண்டாமா” என்ற முடிவை விடுவதுதான் ஆபத்து. தெளிவாக இருப்பவர்தான் தடுக்க முடியும். 2006ல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் குடிபோதையில் வந்த காரால் 3 குழந்தைகள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே சட்டத்தை மாற்றி, உடன் போகிறவர், மது கொடுத்தவர், வண்டியைக் கொடுத்தவர் வரைக்கும் தண்டனை என்று ஆக்கினார்கள். சுற்றியிருப்பவர்களுக்கும் பங்கு உண்டு என்று ஒரு நாடு எழுதியே வைத்தது. நாமும் அப்படித்தான் யோசிக்க வேண்டும்.

பலர்: ஊத மறுத்தால்? அபராதத்தை அங்கேயே கட்டிவிடலாமா?

மறுத்தால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், மறுத்ததே உங்களுக்கு எதிரான சாட்சியமாகவும் எடுத்துக்கொள்ளப்படும். 185வது பிரிவு, ரோட்டில் காசு கட்டி முடிக்கிற குற்றம் அல்ல, நீதிமன்றம் போக வேண்டும். முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 2 ஆண்டு வரை, 15,000 ரூபாய். லைசென்ஸ் குறைந்தது 3 மாதம் போகும். “இங்கேயே முடித்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் ரசீது கேளுங்கள்.

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி: என் வீட்டுக்காரர் வேலை முடித்துத் திரும்பும்போது கார் மோதி இறந்துவிட்டார். கார் ஓட்டியவர் குடித்திருந்தார். அதனால் பணம் தர முடியாது என்று இன்சூரன்ஸ் தரப்பில் சொல்கிறார்களாம். இரண்டு பிள்ளைகள். என்ன செய்வது மேடம்?

அம்மா, முதலில் உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

டிரைவர் குடித்திருந்தது காப்பீட்டு நிறுவனத்துக்கும் கார் உரிமையாளருக்கும் நடுவில் உள்ள தகராறு. நீங்கள் மூன்றாம் நபர். இப்படிப்பட்ட வழக்குகளில், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முதலில் பணத்தைக் கொடு, அப்புறம் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டு வருகின்றன. காலம் கடத்த வேண்டாம். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்பது இப்போதைய சட்டம். எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, அவருடைய சம்பளத்துக்கான ஏதாவது ஆதாரம், வாரிசுச் சான்று ஆகியவற்றைத் திரட்டுங்கள். சம்பளச் சீட்டு இல்லையென்றால் வங்கிப் பாஸ்புக், முதலாளியின் கடிதம் ஆகியவையும் உதவும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே இலவசம்.

இதே விஷயத்தில் குடித்து ஓட்டுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அரசு மருத்துவமனையில் காயம்பட்டவரைச் சேர்க்கும்போது டியூட்டி டாக்டர் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டுக் குறிப்பு எழுதுவார். என்ன காயம், யார் கூட்டி வந்தார், எத்தனை மணி என்று ஒரு பக்கம்தான். அதில் “மூச்சில் மது வாடை” என்று ஒரு வரி இருக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கண் முதலில் போவது அந்த வரிக்குத்தான், அதைச் சிவப்பில் கோடு போட்டு நீட்டுவார். ரத்தப் பரிசோதனையே செய்யவில்லையே என்று வாதாடி எப்போதும் தப்ப முடியாது. டெல்லி இந்தியா கேட் அருகே 2007ல் நடந்த கார் விபத்தில், பரிசோதனை அறிக்கை இல்லாவிட்டாலும் மற்ற சாட்சியங்களை வைத்துக் காருக்கான காப்பீட்டுப் பணத்தை நிறுவனம் மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021ல் தீர்ப்பளித்தது. கார் போனது போனதுதான். செத்தவரின் குடும்பத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்த லட்சங்களையும் உரிமையாளரிடமிருந்து வசூலிப்பார்கள். அதற்காக வீடு ஜப்திக்கு வந்த குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டிலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தார்கள்.

மதுரையிலிருந்து ஒரு பெரியவர்: 10,000 ரூபாய் அபராதமெல்லாம் ஒரு தண்டனையா? குடித்துவிட்டு ஓட்டி ஆளைக் கொன்றால் கொலை வழக்கு போட வேண்டாமா?

உங்கள் கோபம் நியாயமானது ஐயா. சட்டத்திலும் இடம் இருக்கிறது. கவனக்குறைவால் மரணம் என்று போட்டால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106வது பிரிவின் கீழ் 5 ஆண்டு வரை. குடித்துவிட்டு இப்படி ஓட்டினால் உயிர் போகும் என்று தெரிந்தே ஓட்டினார் என்று நிரூபித்தால், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற கடுமையான பிரிவு வரும். மும்பை கார்ட்டர் சாலையில் 2006ல் நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள் 7 பேர் செத்த வழக்கில், 2012ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கடுமையான பிரிவைத்தான் உறுதி செய்தது. ஆனால் கொடுத்த தண்டனை 3 ஆண்டு. ஏழு உயிருக்கு அது குறைவு என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனாலும் தண்டனையை ஏற்றினால் மட்டும் குடித்து ஓட்டுவது நிற்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ராத்திரி 11 மணிக்குச் சாவியை எடுக்கிறவன் எத்தனை வருஷம் என்று யோசிப்பதில்லை, வழியில் போலீஸ் இருக்குமா என்றுதான் யோசிக்கிறான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1982 டிசம்பரில் சந்தேகமே இல்லாமல் யாரையும் நிறுத்தி ஊதச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. மரண விபத்துகள் உடனே குறைந்தன. நம் ஊரில் சோதனை சனிக்கிழமையும் புத்தாண்டு இரவும், அதே ரவுண்டானாவில். எந்தச் சந்து வழியாகப் போனால் தப்பிக்கலாம் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். செவ்வாய்க்கிழமை மதியம், கிராமத்துச் சாலையில், இரு சக்கர வண்டிக்காரரையும் ஊதச் சொல்லுங்கள். அப்புறம் பாருங்கள்.

பலர்: அரசாங்கமே டாஸ்மாக்கில் விற்கிறது, அரசாங்கமே பிடிக்கிறது. இது என்ன நியாயம்?

2003லிருந்து சில்லறை விற்பனை அரசின் கையில்தான். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்ன தீர்ப்பே தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். பிறகு நகராட்சி எல்லைக்குள் விலக்கு வந்தது. கடையை ஊருக்கு வெளியே தள்ளினால், நடந்து போனவரும் வண்டி எடுத்துப் போகிறார் என்பது என் கவலை. பார் நடத்த அனுமதி கொடுக்கும் அரசு, அதே பாரின் வாசலில் ஊதும் கருவியோடு ஒரு காவலரையும் நிறுத்தட்டும். விற்கிறவருக்கும் பொறுப்பு வேண்டும். ஆனால் அரசு விற்கிறது என்பதற்காக ஓட்டியவரின் குற்றம் குறையாது.

தஞ்சாவூரிலிருந்து: அக்கா, என் கணவர் தினமும் குடித்துவிட்டுத்தான் பையனை டியூஷனிலிருந்து கூட்டி வருகிறார். சாவியை ஒளித்தால் அடிக்கிறார்.

பையனை இன்று முதல் அவருடன் அனுப்பாதீர்கள் தங்கச்சி. பக்கத்து வீட்டார், டியூஷன் டீச்சர் யாரிடமாவது சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியது நீங்கள் அல்ல. அடித்தால் பெண்கள் உதவி எண் 181ஐக் கூப்பிடுங்கள், குடும்ப வன்முறைச் சட்டம் உங்களுக்குத்தான் இருக்கிறது. தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அது உயிருக்கே ஆபத்து. அதனால் வீட்டிலேயே நிறுத்த வைக்கப் பார்க்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், 14416 என்ற மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம். அவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள்.

சேலத்திலிருந்து: அடுத்த மாதம் தம்பி கல்யாணம். நண்பர்களுக்குப் பார்ட்டி வைக்காவிட்டால் விட மாட்டார்கள். என்ன செய்யலாம்?

வைக்காமல் இருப்பது நல்லது. வைத்தே ஆக வேண்டுமென்றால், பாட்டில் கணக்குப் போடும்போதே ஆக்டிங் டிரைவர் கணக்கையும் போடுங்கள். எத்தனை பேர் வண்டியில் வருகிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். முதல் கிளாஸ் ஊற்றும் முன்பே சாவிகளை வாங்கி, குடிக்காத மாமா ஒருவரிடம் கொடுங்கள். போதை ஏறிய பிறகு கேட்டால் சண்டைதான் வரும். வெளியூர்க்காரர்களுக்கு மண்டபத்திலேயே பாய் போடுங்கள். வண்டிகளை மறுநாள் மதியத்துக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.