ஜர்னலிசம் பட்டப்படிப்பில் மைனருக்கும் மற்றதுக்கும் எந்தப் பாடங்களை எடுப்பது?

கேட்டவர் சொன்னது இது: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்திருக்கிறார். நான்காண்டுப் பட்டப்படிப்பில் ஜர்னலிசம் மேஜர், அதாவது முதன்மைப் பாடமாகக் கிடைத்திருக்கிறது. மைனருக்கு, அதாவது துணைப் பாடமாக, என்ன எடுப்பது, கேமரா, எடிட்டிங் பக்கம் போனால் வேலை கிடைக்குமா என்கிறார்.

தம்பி, நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். உங்கள் வீட்டிலும் ஒரு மாமா "எப்ப டிவியில வருவ?" என்று கேட்டிருப்பார், நீங்களும் கேமரா வாங்கித் தரச் சொல்லி இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பீர்கள். நான் இருந்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் படித்தது 2008இல், கோவையில், பழைய மூன்றாண்டுப் படிப்பு. துணைப் பாடமாகப் பொருளியல் எடுக்கலாம், விளம்பரவியல் எடுக்கலாம் என்றார்கள். பொருளியலில் கணக்கு வரும் என்று பயந்து விளம்பரத்துக்குப் போனேன். மிச்ச இடத்தையெல்லாம் போட்டோகிராபியும் வீடியோ எடிட்டிங்கும் நிரப்பின. டேப்பில் படம் பிடித்து, அதைக் கம்ப்யூட்டரில் இறக்கி வெட்டிய காலம். அந்த டேப்பை இன்றைக்கு எந்தக் கடையிலும் கேட்க முடியாது.

படிப்பு முடிந்து ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர் ஆனேன். முதல் கோடையிலேயே ஆற்றுத் தண்ணீர்ப் பிரச்சினை. உங்களுக்குத் தெரிந்ததுதான்: தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வந்தாக வேண்டும். வரவில்லை என்று விவசாயிகள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் நல்லதாக நாலு படம் எடுத்தேன். கூடவே "நொடிக்கு 7.25 டி.எம்.சி. வீதம் திறக்கக் கோரி" என்று எழுதி அனுப்பினேன். செய்தியைத் திருத்தும் டெஸ்க்கிலும் யாரும் பார்க்கவில்லை, அப்படியே அச்சாகிவிட்டது.

மறுநாள் காலை டீக்கடையில் எங்கள் தெருக் கவுண்டர் ஒருவர் பேப்பரை மடித்து மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங் தம்பி, நொடிக்கு ஏழேகால் டி.எம்.சி. வந்தா நம்மூரு இந்நேரம் பொன்னானிக் கடல்லயல்ல கெடக்கோணும்?"

கடையே சிரித்தது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டி.எம்.சி. ஆகும். டி.எம்.சி. என்றால் தண்ணீரின் மொத்த அளவு, நொடிக்கு இத்தனை கன அடி என்றால் ஓடுகிற வேகம் என்பது பள்ளிக்கூடத்திலேயே ஆறாவது விரல் மாதிரி ஒட்டியிருக்க வேண்டிய கணக்கு. எனக்கு அதைச் சொல்லித்தந்தது அந்த டீக்கடைதான்.

கேமரா படிப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கேமரா தெரியாமல் இன்றைக்கு எந்த நிருபரும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைப் போனை வைத்துக்கொண்டு ஆறு மாதத்தில் பழகிவிடலாம். பஞ்சாயத்து பட்ஜெட்டைப் படிக்கப் பிற்பாடு யாரும் உட்கார்ந்து சொல்லித்தர மாட்டார்கள்.

எனவே மைனரில் ஒன்று பொருளியல் அல்லது அரசியல் அறிவியல். கல்லூரியில் புள்ளியியல் கிடைத்தால் எம்.டி.சி. என்கிற பல்துறைப் பாடத்துக்கு அதை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாண்டோடு நிறுத்தினால் 133 கிரெடிட், நான்காண்டு ஹானர்ஸ் என்றால் 177. இரண்டுக்கும் நடுவில் இருப்பதை எதைப் போட்டு நிரப்புவது என்று மூன்றாம் ஆண்டில் யோசித்தால் போதும். முதல் செமஸ்டரிலேயே மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

ஊடகச் சட்டத் தாளை மட்டும் கைடு வைத்து ஒப்பேற்றாதீர்கள். பழைய கைடுகளில் அவதூறு என்றால் இ.பி.கோ. 499, 500 என்று இருக்கும். 2024 ஜூலை 1 முதல் அது இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர் மட்டுமில்லை, பள்ளி, வீடு என்று அடையாளம் காட்டும் எதையும் போடக்கூடாது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டத்தின் 23ஆம் பிரிவு அது. பெயரை மறைத்துவிட்டுத் தெருவை எழுதி மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மலையாளம். நமக்குப் பேச வரும், சினிமா பார்க்க வரும். நீர்ப்பாசனத் துறைக் கடிதத்தை நீட்டினால் இரண்டாவது வரியில் நின்றுவிடுவோம். கூடுதல் மொழியில் சுலபமாக மார்க் வரும் என்று தமிழையே எடுக்கத் தோன்றும். தமிழை வீட்டில் படித்துக்கொள்ளலாம், மலையாளம் எடுங்கள். தமிழ்த் துரோகி என்று யாராவது பின்னூட்டம் போடுவதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒருமுறை தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டித் தமிழில் மனுப் போட்டேன். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்தது, "மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதவும்" என்று. தமிழ்ச் சிறுபான்மையினர் கேரள அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இருக்கிறது. அதைக் காட்டி மேல்முறையீடு செய்தேன், அதில் மூன்று மாதம் வேறு போனது. செய்தி ஊசிப்போய்விட்டது. இதில் கோவை ஹாஸ்டலில் எனக்குப் பெயர் "சேட்டா", பாலக்காடு பஸ்ஸில் "பாண்டி". கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்டர்ன்ஷிப்புக்குக் கொச்சியில் பெரிய சேனலாகத் தேடாதீர்கள், அங்கே மைக் வயரைச் சுற்றவிடுவார்கள். சின்ன பதிப்பின் டெஸ்க்கில் ஒரு மாதம் பிழை திருத்துங்கள்.

உங்கள் கல்லூரியில் மைனர் பட்டியல் ஒட்டியதும் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பொருளியல் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் கவுண்டர் இன்னும் அதே டீக்கடைக்குத்தான் வருகிறார்.