ஈஸ்டர் முட்டை, முயல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புனித வாரம் வந்தால் அந்த வாட்ஸப் செய்தியும் வந்துவிடுகிறது. 'ஈஸ்டர் என்பது இஷ்தார் என்ற பாபிலோனியத் தெய்வம்தான். முட்டையும் முயலும் அவளுடைய சின்னங்கள்' என்று. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளே கேட்கிறார்கள். எது உண்மை? இன்னொன்று, வெங்காயத்தோலில் முட்டைக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தோம். திட்டுத்திட்டாக வந்தது, பாதி வெடித்தும்விட்டது. எங்கே தப்பு?

— ஒரு மறைக்கல்வி ஆசிரியர்

அன்புள்ள நண்பருக்கு,

இஷ்தாரை முதலில் கழித்துவிடலாம். இரண்டு பெயரும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கின்றன, அவ்வளவுதான். அவளுடைய விலங்கு சிங்கம். பாபிலோனில் இஷ்தார் வாயிலுக்குப் போகும் வீதிச் சுவர்களில் வரிசையாகச் சிங்கங்கள்தான் நடக்கின்றன.

அடுத்து உங்களிடம் ஏயோஸ்ட்ரே என்ற பழைய ஆங்கிலத் தெய்வத்தின் பெயரைச் சொல்வார்கள். அதற்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. 725இல் பீட் என்ற ஆங்கிலத் துறவி, ஏப்ரலை ஒட்டிய மாதத்துக்கு அந்தத் தெய்வத்தின் பெயர் இருந்ததாகவும், அம்மாதத்தில் அவளுக்கு விழா எடுத்ததாகவும் எழுதினார். அதில் முட்டையும் இல்லை, முயலும் இல்லை. முயலை அவளோடு சேர்த்தவர் அடால்ஃப் ஹோல்ட்ஸ்மன் என்ற ஜெர்மானிய அறிஞர், 1874இல். அவர் 'இருக்கலாம்' என்றுதான் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அந்த 'இருக்கலாம்'ஐ உதிர்த்துவிட்டார்கள்.

முட்டையின் கதை நோன்பில் தொடங்குகிறது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அந்நாளில் முட்டை கூடாது. 692இல் ஆயர்கள் கூடிய ட்ருல்லோ சங்கம், தவக்காலச் சனி ஞாயிறுகளில் முட்டையும் பாலாடைக்கட்டியும் உண்டவர்களைக் கண்டித்திருக்கிறது. ஆனால் கோழிக்கு ஏது நோன்பு? ஐரோப்பாவில் பகல் நீளும் வசந்தத்தில்தான் அது அதிகம் இடும். நாற்பது நாள் முட்டை சேர்ந்துபோக, விழாவன்று அதுவே விருந்து, அதுவே பரிசு. 1290இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில் 450 முட்டைக்கு 18 பென்ஸ் என்று எழுதியிருக்கிறது. சாயம் ஏற்றவும் பொன்தகடு ஒட்டவும் வாங்கியவை. கிரேக்கத்தில் பெரிய வியாழனன்று சிவப்பு ஏற்றுகிறார்கள். சிவப்பு என்பது கிறிஸ்துவின் இரத்தம், ஓடு என்பது மூடிய கல்லறை. உயிர்ப்பு விழாவில் முட்டையோடு முட்டை மோதி உடைப்பார்கள். அந்த ஊரில் விழாவின் பெயர் ஈஸ்டர் அல்ல, நம் வழிபாட்டில் சொல்வதுபோல பாஸ்காதான். பெயரை வைத்து முட்டையை விளக்குபவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

முயல் இதற்கெல்லாம் வெகு பின்னால் வந்தது. 1682இல் கெயோர்க் ஃபிராங்க் என்ற ஹைடல்பெர்க் மருத்துவர், அல்சாஸ் பக்கத்தில் முயல் முட்டையிட்டுத் தோட்டத்துப் புல்லில் ஒளித்துவைப்பதாகக் குழந்தைகளுக்குச் சொல்வதைப் பதிவுசெய்கிறார். (அவருடைய உண்மையான கவலை, முட்டையை அளவுக்கு மீறித் தின்பவர்களின் வயிறு.) அது கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயல் அல்ல, நம் காட்டுமுயலின் இனம். வளை தோண்டாது, புல்லில் ஒரு குழிவில் படுத்திருக்கும். ஆள்காட்டிக் குருவியும் தரைக்குழிவில்தான் முட்டையிடும். முயல் எழுந்தோடிய பக்கத்தில் முட்டையைப் பார்த்தவர்கள் கட்டிய கதையாக இருக்கலாம். இதுவும் ஊகம்தான், 'இருக்கலாம்'ஐ உதிர்த்துவிடாதீர்கள்.

இனி சாயம். பத்துப் பன்னிரண்டு பெரிய வெங்காயத்தின் காய்ந்த வெளித்தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, முழுக்க ஆறவிடுங்கள். தோல் முட்டையில் ஒட்டிக்கிடந்தால் திட்டு விழும். முட்டையில் கை எண்ணெய் பட்டிருந்தாலும் அந்த இடத்தில் சாயம் பிடிக்காது. சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். சாயத்தில் வினிகர் இரண்டு மேசைக்கரண்டி போதும். கூடினால் ஓட்டின் சுண்ணாம்பை அரித்துக் குமிழ் கிளம்பும். குமிழ் நின்ற இடம் வெளுக்கும்.

வெடித்ததற்குக் காரணம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேரே கொதிநீரில் போட்டதாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்று சட்டென விரிந்து ஓட்டைப் பிளக்கும். முட்டை வெளியே இருந்து குளிர் விட்டபின், ஆறிய சாயத்தில் ஒரே அடுக்காக வைத்துச் சூடேற்றி, கொதி வந்ததும் சிறுதீயில் 12 நிமிடம். நாட்டுக்கோழி முட்டையின் பழுப்பில் நிறம் எடுபடாது, வெள்ளை முட்டை வாங்குங்கள். செங்கல் நிறம்தான் வரும். குங்குமச் சிவப்பை எதிர்பார்க்க வேண்டாம். காய்ந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் மினுங்கும்.

ஒளித்துவைத்துத் தேடவிடுவதானால், நம் ஏப்ரல் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்த முட்டையைப் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுக்காதீர்கள்.