திடீரென்று எஃப்.பி.எஸ். பாதியாகிவிட்டது, கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதா?

கேள்வி: ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம். போன மாதம் வரை ஜிடிஏ 5 சாதாரணமாக 120 எஃப்.பி.எஸ். (நொடிக்கு 120 ஃபிரேம்) ஓடியது. இப்போது 50-ஐத் தாண்டவில்லை. டிரைவரை மாற்றிவிட்டேன், விண்டோஸையே புதிதாக ஏற்றிவிட்டேன். கடைக்காரர் "கார்டு வீக் ஆயிடுச்சு" என்கிறார். புதுக் கார்டு வாங்கலாமா?

பதில்:

வாங்காதீர்கள். இந்த வாரமாவது வாங்காதீர்கள்.

கிராபிக்ஸ் கார்டு டியூப்லைட் மாதிரி பழசாகி மங்கிப்போகிற பொருள் இல்லை. அது கெட்டுப்போனால் திரையில் கோடு விழும், கட்டம் கட்டமாக நிறம் சிதறும், விளையாட்டு பாதியில் மூடிக்கொள்ளும், சில நேரம் படமே வராது. உங்களுக்குப் படம் சுத்தமாக இருக்கிறது, எதுவும் கிராஷ் ஆகவில்லை, வேகம் மட்டும் பாதி என்றால் கார்டு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. ஏதோ ஒன்று அதை ஓடவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது.

இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம், இதே மாதிரி நானும் இருபதாயிரம் ரூபாயை எடுத்துவைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பியவன்தான்.

என்னுடையது ஐ5 10400எஃப் பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு. திருச்சியில் ஸ்ரீரங்கத்திலிருந்து கே.கே. நகருக்கு வீடு மாற்றினோம். கட்டில், பீரோ, கிரைண்டரோடு கணினிப் பெட்டியும் குட்டியானையில் ஏறியது. அடிபடக் கூடாது என்று பெட்ஷீட்டில் சுற்றிப் படுக்கவைத்து, மேலே இரண்டு தலையணை வேறு போட்டிருந்தேன். புது வீட்டில் மாட்டி, வேலரன்ட் விளையாட்டைத் திறந்தால் மெனு வரை எல்லாம் சரி. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆனதும் 180-இல் இருந்த எஃப்.பி.எஸ். 50-க்குச் சரிந்து அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

முதல் சந்தேகம் புது வீட்டுக் கரண்ட் மேல். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வோல்டேஜ் பார்த்தேன். 230-க்குப் பக்கத்தில்தான் இருந்தது. அப்புறம் டிரைவரை டிடியூ என்ற மென்பொருள் வைத்துத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். பிறகு விண்டோஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது. கடைசியில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "1660 சூப்பரா? மைனிங்ல அடிபட்ட கார்டா இருக்கும் சார், எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கலாம்" என்றார்கள். மைனிங் என்றால் கிரிப்டோ நாணயத்துக்காகக் கார்டை இரவும் பகலும் ஓட்டுவது. பில்லோடு புதிதாக வாங்கிய கார்டு அது! ஆனாலும் அந்த நேரத்தில் நம்பத் தோன்றியது, அதுதான் வேடிக்கை.

அன்று இரவு சித்தி பையனிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அண்ணா, கேம் ஓடும்போது கார்டு எத்தனை டிகிரில இருக்கு?"

"52."

"மேட்ச் நடக்கும்போதா?"

"ஆமாடா, நல்லா கூலாத்தான் இருக்கு."

"அப்ப அது வேலையே செய்யலண்ணா. சிபியூவைப் பாருங்க."

பார்த்தேன். 100 டிகிரி. (நம் ஊரில் முழுப் பெட்டியையே சிபியூ என்போம். இங்கே நான் சொல்வது உள்ளே இருக்கும் பிராசஸரை.) அந்த ஐ5-க்கு 100-தான் எல்லைக்கோடு. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 4 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 1.2-இல் தவழ்ந்துகொண்டிருந்தது. அடுத்த ஃபிரேமில் என்ன வரைய வேண்டும் என்று கார்டுக்குச் சொல்ல வேண்டியது சிபியூதான். அது சொல்லும்வரை கார்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் அது அவ்வளவு குளிர்ச்சி.

பெட்டியைத் திறந்தேன். இன்டெல் பிராசஸரோடு வரும் கூலரை மதர்போர்டில் பிடித்துவைப்பது நான்கு பிளாஸ்டிக் பின்கள். மூன்று அமுங்கி இருந்தன, நான்காவது அரை சென்டிமீட்டர் மேலே எழும்பி நின்றது. விரலால் தொட்டால் கூலர் ஒரு பக்கமாக ஆடியது. குட்டியானை ஏதோ ஒரு ஸ்பீட் பிரேக்கரில் குதித்தபோது கழன்றிருக்க வேண்டும். கழற்றிப் பார்த்தால் அடியில் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, இருநூறு ரூபாய்க்குப் புது பேஸ்ட் வாங்கி வைத்து, பின்களை எதிரெதிர் மூலையாக 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். அன்றிரவே 70 டிகிரி, பழைய 180.

சரி, உங்கள் கணினிக்கு வருவோம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், எந்த கம்பெனி கார்டிலும் ஓடும். அதோடு வரும் ரிவாட்யூனர் மூலம், விளையாடும்போதே திரை மூலையில் எண்களைக் காட்டச் சொல்லலாம். ஜிபியூ (கார்டின் சிப்) பயன்பாடு, ஜிபியூ கிளாக் (அது ஓடும் வேகம்), ஜிபியூ வெப்பம், சிபியூ வெப்பம், சிபியூ கிளாக், இவை போதும். பத்து நிமிடம் ஆடிவிட்டுப் பாருங்கள். இதற்கு முன்னால் எதையும் கழற்ற வேண்டாம், எதையும் புதிதாக ஏற்ற வேண்டாம். விண்டோஸை மாற்றிப் போட்டுவிட்டீர்கள், போகட்டும், நானும் போட்டவன்தான்.

எஃப்.பி.எஸ். எண்ணையும் கொஞ்சம் கவனியுங்கள். பழுது என்றால் எண் 43, 51, 47 என்று ஆடும். 60-இலோ 30-இலோ ஆணி அடித்த மாதிரி நின்றால் அது பழுதே இல்லை, எங்கோ ஒரு பூட்டு விழுந்திருக்கிறது: விசிங்க் (எஃப்.பி.எஸ்.ஸை மானிட்டர் வேகத்தோடு கட்டும் அமைப்பு), டிரைவரில் இருக்கும் ஃபிரேம் வரம்பு, அல்லது 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் டிரைவர் மாற்றியபின் 60-க்குத் திரும்பியது. விண்டோஸ் டிஸ்பிளே அமைப்புகளில் அட்வான்ஸ்டு டிஸ்பிளே போய்ப் பார்த்தால் அரை நிமிட வேலை.

ஜிபியூ பயன்பாடு 95-க்கு மேல், ஆனால் கிளாக் மட்டும் குறைவு என்றால் பிரச்சினை கார்டுப் பக்கம். ஆர்டிஎக்ஸ் 3060-க்கு என்விடியா சொல்லும் பூஸ்ட் கிளாக் 1777 மெகாஹெர்ட்ஸ். நல்ல நிலையில் உள்ள கார்டு விளையாட்டின்போது அதை ஒட்டியோ அதற்கு மேலேயோதான் இருக்கும். அது 1000, 1200 என்று கிடந்து, வெப்பம் 83-ஐத் தாண்டி நின்றால் பெரும்பாலும் தூசிதான். பெட்டியின் பக்கக் கதவைத் திறந்துவைத்து, மின்விசிறிக்குக் கீழே ஒருமுறை ஆடிப் பாருங்கள். வெப்பம் மளமளவென்று இறங்கினால் பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லை என்று அர்த்தம். வெப்பமும் குறைவு, கிளாக்கும் குறைவு என்றால் கார்டுக்குப் போகும் பவர் கேபிள் முழுக்கச் செருகியிருக்கிறதா, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜிபியூ-இசட் என்ற சின்ன மென்பொருள், கார்டு ஏன் வேகம் குறைத்தது என்பதற்கு வெப்பமா மின்சாரமா என்று காரணமே சொல்லும். அதிலேயே பஸ் இன்டர்ஃபேஸ் என்ற வரியில் எக்ஸ்16 என்று இருக்கிறதா பாருங்கள். எக்ஸ்4, எக்ஸ்1 என்று இருந்தால் கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்காரவில்லை, அல்லது கீழே இருக்கும் வேறு ஸ்லாட்டில் மாட்டியிருக்கிறது.

ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்கு என்னவோ கார்டு பக்கம் சந்தேகமில்லை. ஜிடிஏ 5 பழைய விளையாட்டு, 3060-க்கு அது பெரிய சுமை அல்ல. பயன்பாடு 40, 50 சதவீதம்தான் காட்டும் என்று நினைக்கிறேன். அப்படிக் காட்டினால் இரண்டு இடம் பார்க்க வேண்டும்.

ஒன்று, சிபியூ வெப்பம். என் கதைதான். உங்கள் 5600-க்கு எல்லைக்கோடு 90 டிகிரி, அங்கே போய் முட்டுகிறதா பாருங்கள். முட்டினால் கூலர், அதன் விசிறி, பேஸ்ட்.

இன்னொன்று ரேம். இதைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. 3200 என்று எழுதி விற்கும் டிடிஆர்4 ரேம் பெரும்பாலும் தானாக 3200-இல் ஓடாது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும், மதர்போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால்தான் ஓடும் (ரைசன் போர்டுகளில் டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பி என்றெல்லாம் பெயர் மாறும்). இல்லாவிட்டால் 2133, 2400 என்று பழைய வேகத்தில் கிடக்கும். கணினி அசெம்பிள் செய்த அன்று யாரோ அதைப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். பயாஸ் எப்போது தன் ஆரம்ப நிலைக்குத் திரும்பினாலும் அது போய்விடும், யாரும் வந்து சொல்லவும் மாட்டார்கள்.

பயாஸ் ஏன் திரும்புகிறது? அப்டேட் செய்தால் திரும்பும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு பேட்டரி தீர்ந்தாலும் பல போர்டுகளில் திரும்பும். ராத்திரி சுவிட்ச்போர்டில் மெயினை அணைத்துவிட்டுப் படுப்பது நம் வீடுகளில் வழக்கம். மெயின் ஆனில் இருந்தால் மதர்போர்டின் கடிகாரத்துக்கு எஸ்எம்பிஎஸ்ஸே மின்சாரம் கொடுத்துவிடும். அணைத்தால் அந்தக் குட்டி பேட்டரிதான் விடிய விடிய உழைக்க வேண்டும். அதனால் அதைக் குறைசொல்ல முடியாது. காலையில் கணினியைப் போட்டால் தேதி தப்பாக இருக்கிறதா? அப்படியானால் முதலில் அதை மாற்றுங்கள். வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

ரைசனில் ரேம் வேகம் குறைவது கூடுதலாக வலிக்கும். பிராசஸரின் உட்பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் ரேமின் வேகத்தோடு கட்டிப்போடப்பட்டது. ரேம் 3200-இல் ஓடினால் அது 1600 மெகாஹெர்ட்ஸ், ரேம் 2133-க்கு விழுந்தால் அது 1066. சேர்ந்தே விழும். இதோடு இரண்டு ரேம் குச்சிகளில் ஒன்று ஸ்லாட்டில் சரியாக உட்காராமல் போயிருந்தால் தீர்ந்தது கதை. 3200-இல் இரண்டு குச்சி என்றால் நொடிக்கு 51.2 ஜிபி பாதை. 2133-இல் ஒரே குச்சி என்றால் சுமார் 17 ஜிபி, அதாவது மூன்றில் ஒரு பங்கு. உங்கள் 120 வெகுவாகக் குறைய இது போதும்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் மொத்தம் 16 ஜிபியும் தெரிகிறதா, வேகம் எவ்வளவு என்று அங்கேயே இருக்கும். சிபியூ-இசட்டில் பார்த்தால் 1600 என்று காட்டும், பதறாதீர்கள், அது பாதியாகக் காட்டும் வழக்கமுள்ளது. 1600 என்றால் 3200 என்றுதான் பொருள்.

மற்றவை சட்டென்று சொல்லிவிடுகிறேன். விளையாட்டு எதுவும் திறக்காமல் டெஸ்க்டாப்பிலேயே ஜிபியூ 90 சதவீதம் ஓடினால், திருட்டு கேமோடு ஏதாவது மைனர் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். சிலது டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் நல்ல பிள்ளை மாதிரி அடங்கிவிடும், அதனால் ஆஃப்டர்பர்னர் எண்ணையே நம்புங்கள். நீங்கள் விண்டோஸ் புதிதாகப் போட்டதால் இது இல்லாமல் இருக்கலாம், அதே கேமை மறுபடி ஏற்றாதவரை. விண்டோஸ் 11-இல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு கொஞ்சம் வேகத்தைத் தின்னும். ஆனால் 120-ஐ 50 ஆக்கும் அளவுக்கு இல்லை, அதை அணைக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பி முதலில் அதில் கைவைக்க வேண்டாம். டிரைவர் மாற்றியதும் முதல் கொஞ்ச நேரம் விளையாட்டு திக்கித் திக்கி ஓடுவது ஷேடர்களை (காட்சியை வரையும் சின்ன நிரல்களை) மறுபடி தயாரிப்பதால், அது தானாகச் சரியாகும். மானிட்டர் கேபிளை கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகுவது இன்னொரு புகழ்பெற்ற கூத்து. உங்கள் 5600-இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதால் உங்களுக்குப் படமே வந்திருக்காது, ஆகவே அது இல்லை.

கடைக்காரரைத் திட்ட வேண்டாம். ஆனால் மறுபடி அங்கே போனால், "கேம் ஓடும்போது ஜிபியூ பயன்பாடு எவ்வளவு காட்டுகிறது, எனக்கு முன்னால் ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். என் கடைக்காரர் அதை ஓட்டியே பார்க்கவில்லை. விண்டோஸ் திரை வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விலை சொன்னவர்.

பெட்டியைத் திறப்பதாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். தூசிக்கு புளோயர் வைத்து ஊதும்போது விசிறி இறக்கைகளை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும். ரேமை எடுத்து மறுபடி மாட்டும்போது ஓரத்துக் கொக்கி தானாக மூடிக்கொள்ளும்வரை அழுத்துங்கள், பாதியில் பயந்து கையை எடுத்துவிடாதீர்கள். நான் முதல்முறை அப்படித்தான் எடுத்தேன், 16 ஜிபி 8 ஆகிவிட்டது.