பல்லி விழுந்த பாலைக் குழந்தை குடித்துவிட்டான், என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் மகனுக்கு 2 வயது. மூன்று நாளைக்கு முன்னால், அடுப்பு மேடையில் மூடாமல் ஆற வைத்திருந்த பாலை அரை டம்ளர் குடித்துவிட்டான். அப்புறம் பார்த்தால் பாத்திரத்தின் அடியில் ஒரு குட்டிப் பல்லி செத்துக் கிடக்கிறது. மாமியார் உடனே உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார். இப்போது நன்றாக விளையாடுகிறான். ஆனாலும் விஷம் உள்ளே இருக்குமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. பல்லியை ஒழிக்கப் பாச்சை உருண்டையும் பசை அட்டையும் வாங்கி வந்திருக்கிறோம். எங்கெங்கே வைக்கலாம்?

பதில்: முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. பல்லில் இல்லை, தோலில் இல்லை, அறுந்து விழுந்து துள்ளுகிறதே அந்த வாலிலும் இல்லை. மழைக்காலத்தில் வாசற்படி ஏறி வருகிற அரணைக்கும் இல்லை, அது நக்கினால் மரணம் என்று பாட்டிமார் சொன்னாலும் சரி.

பிறகு ஏன் ‘சத்துணவில் பல்லி, மாணவர்களுக்கு வாந்தி மயக்கம்’ என்று செய்தி வருகிறது என்று கேட்பீர்கள். ஒரு தட்டில் பல்லி என்று யாராவது கத்தினால் போதும், அருவருப்பிலும் பயத்திலும் பக்கத்துப் பிள்ளைக்குக் குமட்டும், அவனைப் பார்த்து அடுத்தவனுக்கு, இப்படியே வரிசையாகப் போகும். சாப்பிட்ட பத்தாவது நிமிடமே வருகிற வாந்தி பெரும்பாலும் இந்த வகைதான். சில நேரம் சாப்பாடே கெட்டுப்போயிருக்கும், பழி பல்லி மேல் விழும்.

உண்மையான தொல்லை பல்லியின் குடலிலும் எச்சத்திலும் இருக்கக்கூடிய சால்மொனெல்லா என்ற கிருமி. கொதிக்கிற சாம்பாரில் விழுந்தால் சூட்டில் கிருமி செத்துவிடும் (அதற்காகச் சாப்பிடச் சொல்லவில்லை, கொட்டிவிடுங்கள்). ஆறிப்போன பால் அப்படி இல்லை, வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அதில் கிருமி நன்றாகப் பெருகும். உள்ளே போன 6 மணி நேரத்திலிருந்து 6 நாளுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, பேதி வரலாம். உங்கள் பையனுக்கு மூன்று நாள் தாண்டிவிட்டது, இன்னும் மூன்று நாள் கவனித்தால் போதும். பேதி ஆரம்பித்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும் சுமார் 100 மில்லி, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக்கோ பேதியை நிறுத்துகிற மாத்திரையோ வாங்கிக் கொடுக்கவே கூடாது. மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, குறையாத காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, கூப்பிட்டால் கண் திறக்காத சோர்வு, இதில் எது இருந்தாலும் ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் என்றால் இவ்வளவு காத்திருக்காமல் பேதி தொடங்கியதுமே டாக்டரைப் பாருங்கள்.

அந்த உப்புத் தண்ணீர் விஷயம்தான் எனக்குக் கவலை. பேரன் மேல் இருக்கிற பாசத்தில் செய்திருப்பார், மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இனி வேண்டவே வேண்டாம். சின்னக் குழந்தைக்கு உப்பைக் கரைத்துப் புகட்டினால், வாந்தியில் வெளியே வராத உப்பு ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்பு வரை கொண்டுபோய்விடும், உயிரே போனதும் உண்டு. வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகிற ஆபத்து வேறு. பல்லியால் வந்திருக்கக்கூடியதைவிட இது பெரிய ஆபத்து.

அடுத்தது பாச்சை உருண்டை. தயவுசெய்து இன்றைக்கே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். பெப்பர்மின்ட் மாதிரி வெள்ளையாக உருண்டையாகத் தரையில் கிடந்தால் 2 வயதுப் பையன் வாயில் போடாமல் விடுவானா? அதில் இருக்கும் நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது, ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு ஒரே ஒரு உருண்டைகூட மோசம். ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போகும், முகம் வெளுக்கும், கண் மஞ்சளாகும். அதனால் விழுங்கியது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், பால் எதுவும் கொடுக்காமல், 108-ஐக் கூப்பிடுங்கள். பச்சைக் குழந்தையின் துணிமணி இருக்கிற பீரோவிலும் போடாதீர்கள். காபித்தூளில் புகையிலையைப் பிசைந்து உருண்டை பிடித்து வைக்கச் சொல்லி ஒரு வீடியோ சுற்றுகிறது, அதுவும் குழந்தை தின்றால் நிகோடின் விஷம்தான்.

சரி, பல்லியை என்ன செய்வது? அது சோற்றுக்கு வருவதில்லை, பூச்சிக்கு வருகிறது. டியூப் லைட்டைச் சுற்றும் ஈசலும் கொசுவும், சிங்க்கின் கீழே ஓடும் சின்னக் கரப்பானும் குறைந்தால் பல்லியும் குறையும். ராத்திரி சமையலறை விளக்கை அணைத்து, மேடையைத் துடைத்து, எச்சில் பாத்திரத்தைக் கழுவிவிட்டுப் படுங்கள். வென்டிலேட்டருக்கு வலை அடியுங்கள். தினசரி காலண்டரைத் தூக்கிப் பாருங்கள், பல்லி பகலில் ஒளிவது அங்கேதான், சில நேரம் பின்னால் வெள்ளையாக இரண்டு முட்டையும் இருக்கும். காகிதத்தால் எடுத்துப் போட்டுவிட்டுக் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். முழுசாக ஒழிப்பது நடக்காது, நடக்கவும் வேண்டாம், கொசு தின்கிற ஆள் வீட்டில் ஒன்றிரண்டு இருந்தால் தப்பில்லை.

பாலோ குழம்போ ஆறட்டும் என்று திறந்து வைக்காதீர்கள், சல்லடை மூடி போட்டால் ஆவியும் போகும், பல்லியும் விழாது. கவிழ்த்து வைத்த டம்ளரையும் ஒரு முறை அலம்பிவிட்டு ஊற்றுங்கள். மேடையில் கறுப்பாக, நுனியில் மட்டும் வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி கிடந்தால் அது பல்லி எச்சம். காய்ந்து போனாலும் கிருமி நாள் கணக்கில் இருக்கும், அதனால் வெறுங்கையால் தட்டிவிடாமல் ஈரக் காகிதத்தால் எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். அதே துணியால் தட்டைத் துடைக்காதீர்கள்.

பசை அட்டை எனக்குப் பிடிக்காது, ஒட்டிக்கொண்ட பல்லி ஒரு நாள் முழுக்க உயிரோடு தவிக்கும், அதை எடுத்துப் போடவும் யாருக்கும் மனசு வராது. குழந்தை கை ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள், சமையல் எண்ணெய் தடவி மெல்ல உருட்டினால் விட்டுவிடும். மற்றபடி, பல்லி மேலே விழுந்தால் என்ன பலன் என்று மாமியார் பஞ்சாங்கம் பார்க்கட்டும், நான் குறுக்கே வரமாட்டேன். உடம்பைப் பொறுத்தவரை விழுந்த இடத்தை சோப்பு போட்டுக் கழுவினால் போதும்.