குவாண்டம் கேள்வி-பதில்: ஒற்றை முடி போதும்

கே: குவாண்டம் இயற்பியலைப் பற்றிப் படித்தால் தலை சுற்றுகிறது. வீட்டிலேயே செய்து பார்க்க ஏதாவது உண்டா? கணக்குக்கும் எனக்கும் காத தூரம்.

ப: தலை சுற்றட்டும், அதிலிருந்து ஒரு முடியை மட்டும் கொடுங்கள். 5 மில்லிவாட்டுக்கு மேற்படாத சிவப்பு லேசர் பாயின்டர், ஓர் அட்டை, கொஞ்சம் செலோ டேப் இருந்தால் போதும். அட்டையில் 1 செ.மீ. ஓட்டை போட்டு, அதன் குறுக்கே முடியைச் செங்குத்தாக, விறைப்பாக இழுத்து ஒட்டுங்கள். லேசரைப் புத்தக அடுக்கின் மேல் அசையாமல் வைத்து, கதிர் முடியின் மேலேயே விழும்படி திருப்புங்கள். 3 மீட்டர் தள்ளிச் சுவர். விளக்கை அணையுங்கள்.

சுவரில் முடியின் நிழல் விழாது. நடுவில் பளிச்சென்று ஒரு திட்டு, அதன் இரு பக்கமும் ஒளி, இருள், ஒளி, இருள் என்று கிடைமட்டமாக நீளும் வரிசை. லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர், முடியின் தடிமன் 0.07 மி.மீ. என்றால் அடுத்தடுத்த இருட்டுகளுக்கு இடையே சுமார் 2.8 செ.மீ. இருக்கும். தலைகீழாகவும் போடலாம்: அலைநீளத்தைச் சுவர்த் தூரத்தால் பெருக்கி, இடைவெளியால் வகுத்தால் முடியின் தடிமன். (காத தூரம் கொஞ்சம் குறைந்திருக்குமே!)

ஒன்றும் தெரியவில்லையா? பெரும்பாலும் கதிர் முடியைத் தொடாமல் பக்கத்தில் போயிருக்கும். அட்டையை மயிரிழை நகர்த்துங்கள். சுவர் 1 மீட்டரில் இருந்தால் இடைவெளி 1 செ.மீ.க்கும் கீழே சுருங்கி, பாதி வரிசை நடுத்திட்டின் பளபளப்பில் மறைந்துவிடும். கதிர் யார் கண்ணிலும் படக் கூடாது. கண்ணாடி, எவர்சில்வர் எதுவும் வழியில் வேண்டாம்.

கே: செய்தேன், வந்தது. ஆனால் ஒளி அலை என்று 1800களிலேயே தாமஸ் யங் காட்டிவிட்டாரே, இதில் குவாண்டம் எங்கே?

ப: சரியான மடக்கல். 1 மில்லிவாட் சிவப்பு லேசரிலிருந்து நொடிக்குச் சுமார் 3,000 லட்சம் கோடி போட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், கிளம்புகின்றன. இத்தனை கூட்டத்தில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரிசை கட்டுகின்றனவோ என்று சந்தேகப்படலாம். 1909இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர், போட்டான்கள் கூட்டமாக வராத அளவுக்குப் புகையேற்றிய கண்ணாடிகளால் ஒளியை மங்க வைத்து, ஓர் ஊசியின் நிழலைப் படம் எடுத்தார். அதிகபட்சமாகச் சுமார் மூன்று மாதம் பதிவு ஓடியது. வரிகள் அப்போதும் தெளிவாகவே இருந்தன. 1989இல் ஜப்பானில் அகிரா டோனோமுரா குழு எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பியது. முதலில் திரையில் தாறுமாறான புள்ளிகள். ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு வரி வரியாகப் பட்டைகள். இடிக்கப் பக்கத்தில் இன்னொரு எலெக்ட்ரானே கிடையாது!

சூட்சுமம் இதுதான். ஒரு துகள் போகக்கூடிய ஒவ்வொரு வழிக்கும் (முடிக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்பது போல) 'வீச்சு' என்று ஓர் எண் உண்டு. அது கூட்டலாகவும் இருக்கும், கழித்தலாகவும் இருக்கும். முதலில் வீச்சுகளைக் கூட்ட வேண்டும், பிறகுதான் வர்க்கம் எடுக்க வேண்டும். வருவது அங்கே விழும் வாய்ப்பு. ஒரு வழிக்கு +1, மற்றதற்கு −1 என்றால் கூட்டல் 0, அங்கே இருட்டு. இரண்டும் +1 என்றால் 2, வர்க்கம் 4. ஒரே வழி திறந்திருந்தால் கிடைப்பதைப் போல நான்கு மடங்கு. வர்க்கத்தை முதலில் எடுத்துவிட்டுக் கூட்டினால் எல்லா இடத்திலும் 2தான் வரும், வரிகளே இராது. ஆரம்பத்தில் பலரும் சறுக்குவது இந்த வரிசையில்தான்.

கே: பார்த்தாலே எலெக்ட்ரான் மாறிவிடுமாமே, நாம் பார்ப்பது அதற்கு எப்படித் தெரியும்?

ப: தெரியாது. நம் கண்ணுக்கு அங்கே வேலையும் இல்லை. எந்த வழியில் போனது என்பதற்குத் தடயம் எங்காவது பதிந்தாலே போதும், வீச்சுகளைக் கூட்டும் விதி செல்லாமல் போய்விடும். வியன்னாவில் 2004இல் 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை லேசரால் சூடாக்கி அனுப்பினார்கள். சூடான மூலக்கூறு போகிற வழியில் ஒளியை உமிழ்ந்து தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. சூடு ஏற ஏறப் பட்டைகள் மங்கி மறைந்தன. உமிழ்ந்த ஒளியை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கே: நான் கதவு வழியாக நுழையும்போது எனக்கும் பட்டை விழ வேண்டாமா?

ப: எலெக்ட்ரானைப் போலவே உங்களுக்கும் ஓர் அலைநீளம் உண்டு, ஆனால் அது சிறுக்கச் சிறுக்கப் பட்டைகளும் நெருங்கிக் காணாமல் போகும். 60 கிலோ எடையோடு நொடிக்கு 1 மீட்டர் நடந்தால் உங்கள் அலைநீளம், மீட்டர் கணக்கில், புள்ளிக்குப் பின் 34 சுழியம் போட்டு ஒரு 1. அணுக்கருவில் இருக்கும் புரோட்டானின் அகலத்துக்கே 14 சுழியம்தான். போதாக்குறைக்கு மேலே மோதும் ஒவ்வொரு காற்று மூலக்கூறும் தடயம் எடுத்துக்கொண்டு போகிறது. தாராளமாக நுழையுங்கள்.

கே: 'குவாண்டம் சக்தி' ஏற்றிய வளையல் போட்டால் மூட்டுவலி போகுமா?

ப: பர்ஸின் கனம் போகும். வளையலின் அணுக்களும் உங்கள் மூட்டின் அணுக்களும் ஏற்கெனவே குவாண்டம் விதிப்படிதான் நடக்கின்றன. புதிதாக ஏற்ற ஒன்றுமில்லை. மூட்டுக்கு உண்மையிலேயே குவாண்டத்தைப் பயன்படுத்துவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) காந்தத்துக்குள் ஹைட்ரஜன் அணுக்கருவின் ஸ்பின்னை, அதாவது அதைக் குட்டிக் காந்தமாக்கும் குவாண்டம் பண்பை, சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையால் புரட்டிப் படம் எடுக்கிறது. அதுவும் வலிக்குக் காரணம் காட்டலாமே தவிர, வலியைப் போக்காது. மருத்துவரைப் பாருங்கள்.