டீஹைட்ரேட்டர் இல்லாம திருகோணமலையில அப்பிள் காய வைக்க ஏலுமா?

ஏலும். கச்சான் எண்டுற வறண்ட காத்து அடிக்கிற மாசங்களில வடிவா ஏலும். மாரிக்கு மட்டும் வேண்டாம்.

நீங்க கேட்டது கடலோர ஊரில இருக்கிறம், டீஹைட்ரேட்டர் எண்டுற காய வைக்கிற மெஷின் இல்லை, அப்பிளை வெட்டி வெயிலில வச்சா காயுமா இல்லாட்டி ஈரக்காத்துக்கு பூஞ்சணம் பிடிச்சிடுமா எண்டுதானே. உங்களுக்கும் யாரோ வெளிநாட்டில இருந்து வந்த ஆக்கள் "இங்க சரிவராது"எண்டு சொல்லியிருப்பினம் எண்டு நினைக்கிறன். எனக்கும் அதையேதான் சொன்னவை, அதாலதான் இவ்வளவு நீளமா எழுதுறன், கோவிக்காம வாசியுங்கோ.

எங்கட தங்கச்சியின்ர மகளுக்கு ஆடி மாசத்துக்கு முன்னம் சாமத்தியவீடு செய்தது. தட்டு எடுத்து வந்த ஆக்கள் எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் கேட்டு வச்ச மாதிரி அப்பிள் தட்டுதான். வாழைப்பழம் அண்டைக்கே பந்தியில முடிஞ்சுது, மாம்பழம் பிள்ளையள் முடிச்சிட்டுதுகள், அப்பிள் மட்டும் ஃப்ரிட்ஜ் நிறைஞ்சு, மேசையில நிறைஞ்சு, பேந்து ஸ்டோர் ரூமில பெட்டியோட கிடந்துது. இங்க அப்பிள் விளையிறேல்ல, எல்லாம் கப்பலில வாற சாமான், விலை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அத மெத்துப்போக விட்டுட்டு குப்பையில போட எனக்கு மனம் வரேல்ல. என்ர மனுசன்ர தங்கச்சி, கனடாவில ஸ்கார்பரோவில இருக்கிறவ, அந்த லீவுக்கு வந்து எங்களோட நிண்டவ. நான் காய வைக்கப் போறன் எண்டதும் அவ சொன்னா, "மச்சாள், இந்த ஊர் ஹியூமிடிட்டிக்கு இது காயவே காயாது, பழுதாப் போய் பிள்ளையளுக்கு வயித்துக்கு ஏதும் வந்திடும், அங்க நாங்கள் மெஷினிலதான் செய்யிறனாங்கள்"எண்டு. அவ கெட்ட மனசில சொல்லேல்ல, அக்கறையிலதான் சொன்னவ. ஆனா எங்கட அம்மா பக்கத்தில இருந்து தேசிக்காய் வெட்டிக்கொண்டு இருந்தவ. இங்க கிட்ட சல்லி எண்டுற கடற்கரை ஊர்ப் பக்கம் கருவாட்டு வாடியில பிறந்து வளந்த மனுசி, நெத்தலி எப்ப காயும், எந்தக் காத்துக்குக் காயாது எண்டு கையை நீட்டிப் பாத்தே சொல்லுவா. அவவுக்கு முன்னால நிண்டு இந்த ஊரில ஒண்டும் காயாது எண்டு சொன்னா எனக்கு எப்பிடி இருக்கும்.

இப்ப விஷயத்துக்கு வாறன். வெயிலில பழம் காய வைக்க ரெண்டு விஷயம் வேணும். வெக்கை குறைஞ்சது 30 பாகையாவது இருக்கோணும், காத்தில ஈரப்பதன் 60 வீதத்துக்குக் கீழ இருந்தா நல்லம். இது நான் சொல்லுற கணக்கில்லை, அமெரிக்காவில ஜோர்ஜியா பல்கலைக்கழகத்தில இருக்கிற வீட்டு உணவுப் பாதுகாப்பு நிலையம் சொல்லுற கணக்கு. எங்கட ஊரில ஜூனில இருந்து ஓகஸ்ட் வரைக்கும் பகலில 34, 35 பாகைக்குப் போகும். மழைக் காத்து மலைநாட்டுக்கு அந்தப் பக்கமே தன்ர ஈரத்தைக் கொட்டிட்டு, மலை தாண்டி இறங்கி எங்களிட்ட வரேக்க வறண்டுபோய்த்தான் வருது. அதுதான் கச்சான். உதடு வெடிக்கும், கொடியில போட்ட சாறம் ஒரு மணித்தியாலத்தில மொறமொறெண்டு நிக்கும். அந்தக் காத்தில காயாத அப்பிள் வேற எங்க காயப்போகுது. கொழும்பில, காலியில இருக்கிற ஆக்கள் எங்களுக்குக் காயேல்ல எண்டு சண்டைக்கு வரவேண்டாம், அந்த நேரம் உங்கட பக்கம் மழை, நான் எங்கட பக்கத்துக் கதைதான் சொல்லுறன்.

அம்மாவும் நானும் முதல்ல பழத்தைத் தெரிஞ்செடுத்தம். மெத்துப்போனது பரவாயில்லை, தோல் சுருங்கினதும் பரவாயில்லை, ஆனா அழுகல் இருந்தா அந்தப் பழத்தை எடுக்கவே வேண்டாம். சில பேர் அழுகின பக்கத்தை வெட்டி எறிஞ்சிட்டு மிச்சத்தைப் பாவிப்பினம். அப்பிளில வாற நீலப் பூஞ்சணம் பெட்யூலின் எண்டு ஒரு நஞ்சை விடும், அது சூட்டுக்கும் லேசில அழியாது. அம்மாவுக்கு சாமானை எறிய மனம் வராது, ஆனா உள்கொட்டை கறுத்துக் கிடந்ததுகளை நான் ஒதுக்கிட்டன்.

தோலோடயே வெட்டலாம், இங்க வாற அப்பிளுக்கு மெழுகு பூசியிருக்கும், அதால வெதுவெதுப்பான தண்ணியில உரஞ்சிக் கழுவிட்டு வெட்டுங்கோ. துண்டின்ர மொத்தம், அதாவது தடிப்பு, 3 மில்லிமீற்றரில இருந்து 5க்குள்ள. முக்கியமா எல்லாத் துண்டும் ஒரே மொத்தமா இருக்கோணும், மெல்லிசு காஞ்சு முடிய மொத்தமானது உள்ளுக்க ஈரமாக் கிடக்கும், ரெண்டையும் ஒரே போத்தலில போட்டா நல்லதும் சேந்து பழுதாகும். வெட்டின உடன மண்ணிறமாகிறது அப்பிளில இருக்கிற ஒரு நொதியம் காத்தோட சேர்ந்து செய்யிற வேலை. அதுக்குத்தான் தேசிப்புளி. புளியும் தண்ணியும் சம அளவு கலந்து 10 நிமிசம் ஊறப்போட்டு வடிச்சா காணும். இதை விட நல்லது விட்டமின் சி பவுடர், ரெண்டு கப் தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி, அதுக்கு 5 நிமிசம் காணும். நிறத்துக்கு மட்டும் எண்டு நினைச்சு இதை விட்டுடாதீங்கோ, அந்தப் புளி காயேக்க கிருமி சாகிறதுக்கும் உதவி செய்யும்.

பாயில, சுளகில போடாதீங்கோ, அடியில காத்து போகாது. பழைய ஜன்னல் சட்டம் ஒண்டுக்கு கழுவின புது நுளம்பு வலையை இழுத்துக் கட்டி, நாலு மூலைக்கும் கல்லு வச்சு உயத்தி, அதில துண்டுகளை ஒண்டோட ஒண்டு முட்டாமப் பரப்பினம். மேல இன்னொரு வலை, இலையானுக்கும் காகத்துக்கும். கோழிக்கூட்டுக்கு அடிக்கிற சிங்க் பூசின வலை வேண்டாம், அப்பிளின்ர புளிப்பு அதைத் தாக்கும்.

முதல் நாள் மத்தியானம் துண்டின்ர ஓரம் மேல சுருண்டு வந்திடும், பாக்க காஞ்ச மாதிரித்தான் இருக்கும். ஆனா நடுவில நகத்தால அமத்தினா அந்த இடம் பளபளத்து ஒரு ஈரக்கோடு தெரியும். அப்ப திருப்பிப் போடோணும். பின்னேரம் நாலு மணிக்கு அம்மா எழும்பி முத்தத்துக்குப் போய் நிண்டா, கடல் காத்து திரும்பிட்டுது, உள்ளுக்க எடு எண்டா. எங்கட இடத்தில முழு ரகசியமும் அதுதான். பகல் முழுக்கக் காஞ்சதை ராவில வெளிய விட்டா பனியும் கடல் ஈரமும் திரும்ப ஏறிடும், அடுத்த நாள் அதைக் காய வைக்கிறதே வேலையாப்போகும். காஞ்சும் காயாமலும் கிடக்கிற அந்த இடைவெளியிலதான் பூஞ்சணம் பிடிக்கும். எங்கட பக்கத்து வீட்டில பாவக்காய் வத்தல் அப்பிடித்தான் பழுதானது, வெயில் குறைஞ்சதால இல்லை, ராவில மறந்து விட்டதால.

இந்த அறிவெல்லாம் வாடியில இருந்து வந்தது. சொல்லாம இருக்க ஏலாம இருக்கு, கேள்விக்குச் சம்பந்தமில்லை எண்டாலும் சொல்லுறன். அம்மாவின்ர சொந்தக்காரர் கனகாலமா கருவாடு போடுற கரைக்குப் பக்கத்தில ஒரு கெஸ்ட் ஹவுஸ் வந்துது. வந்து கொஞ்ச நாளில வெள்ளைக்காரருக்கு மணம் பிடிக்கேல்ல, சீசனுக்கு தட்டியளைக் கழட்டுங்கோ எண்டு ஆளனுப்பினவை. சீசன் எண்டா எது? அதே கச்சான் மாசங்கள். கடல் அடங்கிக் கிடக்கிற, மீன் படுற, வெயில் எரிக்கிற மாசங்கள். அந்த மாசத்தில கருவாடு போடாம மாரியிலயோ போடுறது? வந்த ஆக்கள் அந்தக் கரையின்ர கருவாட்டைத்தான் பொரிச்சுத் தரச்சொல்லி ஹோட்டலில கேட்டுச் சாப்பிடுகினம். டூரிசம் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல, எங்கட வீட்டுப் பிள்ளையளும் அதில வேலை செய்யுதுகள். ஆனா முதல்ல இருந்தவன் ஆரெண்டு ஒரு மரியாதை இருக்கோணும்.

சரி, அப்பிள். மூண்டு மில்லிமீற்றர் துண்டு நல்ல கச்சானுக்கு ரெண்டு நாளில வரும், மொத்தமெண்டா நாலு நாளும் எடுக்கும். காஞ்சுதா எண்டு பாக்க ஒரு துண்டை ஆறவிட்டு ரெண்டாக் கிழியுங்கோ, சூட்டோட பாத்தா மெத்தெண்டு ஏமாத்தும். கிழிச்ச ஓரத்தை அமத்தேக்க தண்ணி முத்து ஒண்டும் கசியக்கூடாது, தோல் செருப்பு வார் மாதிரி வளையோணும். காய வைக்காத அப்பிளில 85 வீதத்துக்குக் கிட்ட தண்ணிதான், அதால ஒரு கிலோவுக்கு 150 கிராம் அளவில வந்தா பயப்படாதீங்கோ, ஆரும் களவெடுக்கேல்ல.

வெயிலில காஞ்சதில பூச்சி முட்டை இருக்கலாம், அதுக்கு இறுக்கின பையில போட்டு டீப் ஃப்ரீசரில 48 மணித்தியாலம் வைக்கோணும், ஃப்ரீசர் மைனஸ் 18இல இருக்கோணும். பிறகு கண்ணாடிப் போத்தலில முக்கால்வாசிக்கு மட்டும் போட்டு ஒரு கிழமை, பத்து நாள் ஒவ்வொரு நாளும் குலுக்கிப் பாருங்கோ. கூடக் காஞ்ச துண்டு குறையக் காஞ்சதின்ர ஈரத்தை இழுத்து எல்லாம் சமனாகும். போத்தல் உள்பக்கம் வேர்த்தா உடன திரும்ப வெயிலில போடுங்கோ. ஒரு துண்டில பூஞ்சணம் கண்டா முழுப் போத்தலையும் எறியோணும், இதில இரக்கம் பாக்கக்கூடாது.

மச்சாள் கடைசி வரைக்கும் மெஷின்தான் நல்லது எண்டுதான் சொன்னவ, அவவின்ர ஊருக்கு அது சரிதான், அங்க வெயிலை நம்பி ஒண்டும் செய்ய ஏலாது. கரண்ட் பில் கட்ட வசதி இருக்கிற ஆக்கள் வாங்கிறதை நான் பிழை சொல்லேல்ல. ஆனா 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினவை, ஞாபகம் இருக்கா? ஃப்ரிட்ஜில இருந்த மீன் எல்லாம் பழுதாப்போச்சு, அம்மாவின்ர மோர் மிளகாயும் நெத்தலியும்தான் எங்களுக்குச் சோறு இறக்கினது. காஷ்மீரிலயும் கோடையில அப்பிளை வெட்டிக் காய வச்சுத்தானே பனிக்காலம் முழுக்கச் சமைக்கினம்.

சீனி வருத்தம் இருக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லோணும். எங்கட அம்மாவுக்கும் இருக்கு. பழம்தானே எண்டு கைநிறைய அள்ளக்கூடாது, தண்ணி போனாலும் சீனி போகாது. காய வைக்காத அப்பிள் 100 கிராமில சீனி 10 கிராம் அளவில, காஞ்சதில 57 கிராம் அளவில. அம்மாவுக்கு ரெண்டு துண்டுதான் குடுக்கிறனான், அவ மூண்டாவது கேப்பா. மிச்சத்தை நான் கேசரிக்கும் பாயாசத்துக்கும் பிளம்ஸோட (காஞ்ச முந்திரிகைப்பழம்) சேத்து வெட்டிப் போடுறனான், ஏலக்காயோட நல்லா எடுபடும்.

நீங்க ஒக்டோபருக்குப் பிறகு இதை வாசிச்சா வெயிலை நம்பி வெட்டிப்போடாதீங்கோ, வானம் எப்ப இருட்டும் எண்டு சொல்ல ஏலாது. ஓவன் இருந்தா 60 பாகையில கதவைக் கொஞ்சம் நீக்கி வச்சு 6இல இருந்து 12 மணித்தியாலம் விடலாம், அவசரப்பட்டு சூட்டைக் கூட்டினா வெளிப்பக்கம் இறுகி உள்ளுக்க ஈரம் நிண்டிடும். உங்கட ஓவன் 60க்கு இறங்காட்டி காய வைக்கிற எண்ணத்தை விட்டுட்டு கறுவாப்பட்டை போட்டு ஜாம் காய்ச்சுங்கோ. மே கடைசியில காத்து திரும்பும், அப்ப நுளம்பு வலையோட வெளிக்கிடுங்கோ.